அந்தப் படத்தில் சிரிப்புக்கு ஆளாகிறவன் கொலைகாரன்தான்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த ஞாயிற்றுக்கிழமை தங்கள் நாளிதழின் வாசகர் கடிதப் பகுதியில், சேலத்தில் இயங்கும் சிறியதொரு திரைப்பட வட்டம் கல்லூரி மாணவர்கள் உள்ளிட்ட தன் உறுப்பினர்களுக்கு ஓர் அமெரிக்கத் திகில் நகைச்சுவைப் படத்தைத் திரையிட்டதைக் கண்டித்து ஒரு வாசகர் எழுதியிருந்தார். தொடர் கொலைகாரனாக வேண்டும் என்று ஆசைப்படும் ஒருவனைக் கதாநாயகனாக்கி, அவன் செய்கைகளைப் பார்த்துச் சிரிக்கவும் இளைஞர்களைப் பழக்குகிறார்கள் என்பதே அவருடைய குற்றச்சாட்டு. அந்த வட்டத்தின் உறுப்பினர்களில் நானும் ஒருவன். அன்று கடைசி வரிசையில் அமர்ந்து படத்தை முதலிலிருந்து முடிவுவரை பார்த்தேன். பிள்ளைகள் எதைப் பார்த்து வளர்கிறார்கள் என்று ஒருவர் கவலைப்படுவதை நான் குறை சொல்ல மாட்டேன். வயது அறுபதைத் தாண்டிய எனக்கும் அந்தக் கவலை உண்டு. ஆனால் படத்தின் கதைச் சுருக்கத்தை மட்டுமே படித்ததாக அவரே எழுதியிருக்கிறார். இந்தப் படத்தைக் கதைச் சுருக்கத்தால் எடை போட முடியாது. இதில் யார் யாரைப் பார்த்துச் சிரிக்கிறார்கள் என்பதில்தான் எல்லாமே அடங்கியிருக்கிறது. அது சுருக்கத்தில் வராது.

நாங்கள் பார்த்த படம், ஸ்காட் கிளாஸர்மன் இயக்கி 2006ஆம் ஆண்டு வெளிவந்த 'பிஹைண்ட் தி மாஸ்க்: தி ரைஸ் ஆஃப் லெஸ்லி வெர்னன்'. அமெரிக்கத் திகில் படங்களில் முகமூடி அணிந்து இளைஞர்களை ஒவ்வொருவராக வெட்டிச் சாய்க்கும் கொலைகாரர்களை நம்மில் பலரும் தொலைக்காட்சியில் பார்த்திருப்போம். அப்படிப்பட்டவர்கள் உண்மையாகவே வாழ்ந்த ஓர் உலகம் இருப்பதாக இந்தப் படம் கற்பனை செய்துகொள்கிறது. அந்த உலகத்தில் லெஸ்லி என்னும் இளைஞன் அவர்களைப் போல ஆக வேண்டும் என்று கனவு காண்கிறான். அந்தக் கனவுக்காக முறையாக உழைக்கவும் செய்கிறான். டெய்லர் என்ற இதழியல் மாணவி இரண்டு ஒளிப்பதிவாளர்களை அழைத்துக்கொண்டு அவனைப் பின்தொடர்ந்து ஆவணப்படம் எடுக்கிறாள். படத்தின் பெரும்பகுதி, அவர்கள் தோளில் சுமந்து எடுத்த காட்சிகளாகவே நமக்குக் காட்டப்படுகிறது.

இதில் சிரிப்பு எங்கிருந்து வருகிறது என்று சொன்னால்தான் என் வாதம் விளங்கும். திகில் படங்களில் பாதிக்கப்படுகிறவர்கள் மூச்சிரைக்க ஓடுவார்கள். கொலைகாரனோ நிதானமாக நடந்து வருவான். ஆனாலும் அவர்களுக்கு முன்னால் போய் நிற்பான். அது எப்படி என்று நாம் யாரும் கேட்டதில்லை. லெஸ்லி அதற்கு விடை சொல்கிறான். நடப்பதுபோலத் தெரிய வேண்டும், அதே சமயம் ஓடவும் வேண்டும், மூச்சும் வாங்கக் கூடாது; அதற்காகத் தினமும் எவ்வளவு உடற்பயிற்சி செய்ய வேண்டியிருக்கிறது தெரியுமா என்று கேமராவைப் பார்த்து அலுத்துக்கொள்கிறான். வேலைப்பளுவைப் பற்றி ஒரு அரசு ஊழியர் அலுத்துக்கொள்ளும் அதே குரல். பிறகு, கொலை நடக்கவிருக்கும் பாழடைந்த வீட்டுக்கு டெய்லரை அழைத்துப்போய் ஒவ்வொன்றாகக் காட்டுகிறான். சன்னல்களைத் திறக்க முடியாதபடி முன்கூட்டியே ஆணி அறைந்திருக்கிறான். சன்னல் வழியாகத் தப்பி மரத்தைப் பிடித்து இறங்கலாம் என்று நினைப்பவர்களுக்காக அந்த மரக்கிளையைப் பாதி அறுத்து வைத்திருக்கிறான். ஓடுகிறவர்கள் எடுத்துத் தாக்கக்கூடும் என்பதால் கொட்டகையில் கிடக்கும் கருவிகளின் பிடிகளையும் விட்டுவைக்கவில்லை. கையில் எடுத்து ஓங்கினால் முறிந்துபோகும். விளக்கு எந்த நொடியில் அணைய வேண்டும் என்பது முதற்கொண்டு திட்டம் தயார்.

எங்கள் அறை அப்போது விழுந்து விழுந்து சிரித்தது. 'அறிவு கெட்டவளே, மாடிக்கு எதுக்கு ஓடுற, வாசலுக்கு ஓடு' என்று திரையரங்கில் நாம் எத்தனை முறை கத்தியிருப்போம்? அந்தக் கேள்விக்கு இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகு ஒருவன் பொறுப்பாக உட்கார்ந்து விளக்கம் சொல்கிறான். இந்தக் காட்சிகள் கொலை செய்யக் கற்றுத்தருகின்றன என்று சொல்வது, மேடையில் மந்திரவாதி தன் சட்டைக் கையின் உட்புறத்தைப் பிரித்துக் காட்டினால் திருடக் கற்றுக்கொடுக்கிறான் என்று புகார் செய்வதைப் போன்றது. திகில் படம் நம்மை எப்படி ஏமாற்றுகிறது என்ற சூட்சுமம்தான் அங்கே வெளியாகிறது. அதைத் தெரிந்துகொண்டவர் யாரையும் கொல்லப் போவதில்லை. அதிகபட்சம், அடுத்த பேய்ப்படத்துக்குப் போகும்போது பயப்பட முடியாமல் டிக்கெட் காசு வீணாகும்.

படத்தில் நான் மிகவும் மதிப்பது வேறொரு இடத்தை. லெஸ்லி வெர்னன் என்பது அவன் பெயரே அல்ல. அந்த ஊரில் நெடுங்காலமாக ஒரு கதை வழங்கிவருகிறது. ஒரு சிறுவனை ஊரார் திரண்டு அருவியில் தள்ளிக் கொன்றார்கள், அவன் பழிவாங்கத் திரும்பி வருவான் என்று. நம் கதாநாயகன் அந்தச் சிறுவனின் பெயரை எடுத்துச் சூட்டிக்கொண்டவன். உண்மையில் அவன் ரீனோ என்ற வேறொரு நகரத்தைச் சேர்ந்தவன். குடும்பப் பெயர் மான்கூசோ. அவனுக்கு நேர்ந்த கொடுமை என்று ஒன்றும் இல்லை. புகழ் வேண்டும், அந்தப் புகழுக்கு ஒரு சோகக் கதை வேண்டும், அதனால் செத்துப்போன ஒரு பிள்ளையின் சோகத்தைக் கடன் வாங்கியிருக்கிறான்.

இதைத் தமிழ்ப் படங்களோடு வைத்துப் பார்க்கும்படி கடிதம் எழுதிய வாசகரைக் கேட்டுக்கொள்கிறேன். நம்மூரில் வரும் தொடர்கொலைப் படங்களில் இடைவேளைக்குப் பிறகு ஒரு ஃப்ளாஷ்பேக் தவறாமல் வரும். கொலைகாரன் சின்ன வயதில் அவமானப்பட்டிருப்பான். அம்மா கைவிட்டிருப்பாள், அல்லது வகுப்பறை முழுக்கச் சிரித்திருக்கும், அல்லது காதலித்த பெண் ஏமாற்றியிருப்பாள். வயலின் அழும். வெளியே வரும்போது நம் மனதில் இறந்துபோன பெண்களின் முகம் ஒன்றுகூட நிற்காது. கொலைகாரனின் அறிவுக்கூர்மையும் அவன் கண்ணில் நின்ற ஒரு சொட்டு நீரும்தான் நிற்கும். அவனுக்கென்று தனியாக இசையமைத்து, அவன் அறையின் சுவரில் ஒட்டியிருக்கும் படங்களைக் கேமரா வருடிக்கொண்டு போகும்படி செய்து, அவனை மேதையாக்கி அனுப்புகிறோம். கொலைகாரனைப் பெருமைப்படுத்துவது என்றால் இதுதான். இவற்றைக் குடும்பத்தோடு போய்ப் பார்த்துவிட்டு வருகிறோம். யாரும் நாளிதழுக்குக் கடிதம் எழுதுவதில்லை. அந்த ஃப்ளாஷ்பேக்கே விளம்பரத்துக்காகச் சோடித்தது என்று போட்டு உடைக்கிற ஒரு சின்னப் படம் வந்தால் மட்டும் பண்பாடு பதறுகிறது.

முந்தைய கடிதத்தில் கவனிக்கப்படாமல் போன இன்னொன்று, டெய்லரின் கதாபாத்திரம். லெஸ்லி அவளுக்கு எதையும் மறைப்பதில்லை. எந்த வீடு, எந்த இரவு, எந்தப் பெண், எத்தனை இளைஞர்கள் எல்லாம் அவளுக்குத் தெரியும். அவள் காவல் நிலையத்துக்குப் போவதில்லை. மைக்கைப் பிடித்துக்கொண்டு அடுத்த கேள்வியைக் கேட்கிறாள். கேமரா இருப்பதால் அவன் இன்னும் கொஞ்சம் அழகாகப் பேசுகிறான், இன்னும் கொஞ்சம் துணிகிறான். அவள் தலையாட்டுகிறாள், சிரிக்கவும் செய்கிறாள். அவளோடு சேர்ந்து நாமும் சிரித்துக்கொண்டிருக்கிறோம் என்பதை உணர்வதற்குள் அந்த இரவு வந்துவிடுகிறது. அப்போதுதான் அவளுக்கு உறைக்கிறது. ஒளிப்பதிவாளர்கள் கேமராவைக் கீழே வைக்கிறார்கள். தோளில் தூக்கி எடுத்த ஆவணப்படத்தின் ஆட்டமும் சொரசொரப்பும் மறைந்து, காட்சி வழக்கமான திகில் படத்தின் வழுவழுப்புக்கு மாறிவிடுகிறது. அந்த மாற்றம் நிகழ்ந்த நொடியில் எங்கள் அறையில் முறுக்குக் கடிக்கும் சத்தம்கூட நின்றுபோனது. எனக்கு முன்வரிசையில் இருந்த மாணவி ஒருத்தி, அதுவரை தன் தோழியின் தோளில் தட்டித் தட்டிச் சிரித்துக்கொண்டிருந்தவள், கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

அவர்கள் ஓடிப்போய்த் தடுக்க முயல்கிறார்கள். லெஸ்லி 'தப்பிப் பிழைக்கப் போகும் பெண்' என்று அடையாளம் காட்டியிருந்தவள் சீக்கிரமே இறந்துவிடுகிறாள். அந்த இடத்துக்கு அவன் முதலிலிருந்தே குறித்து வைத்திருந்தது டெய்லரைத்தான் என்று தெரியவருகிறது. ஓட்டையில்லாத திட்டம்தான், ஆனால் அந்தத் திட்டமே அவனை முடிக்கிறது. அவன் எழுதிக்கொடுத்த கதைப்படியே டெய்லர் திருப்பி அடிக்கிறாள்; ஆப்பிள் சாறு பிழியும் இயந்திரத்தில் அவன் தலையை நசுக்கி, கொட்டகைக்கும் தீ வைக்கிறாள். (இருபது ஆண்டுப் பழைய படத்தின் முடிவைச் சொன்னதற்காகத் திரைப்பட ரசிகர்கள் என்மீது கோபப்பட மாட்டார்கள் என்று நம்புகிறேன்.)

இந்தப் படத்தில் குறையே இல்லை என்று நான் வாதாட வரவில்லை. சாகப்போகும் இளைஞர்கள் ஐந்தாறு பேருக்கு முகமே கிடையாது. அவர்களுடைய தாய் தகப்பன், படிப்பு, பயம் எதையும் படம் நமக்குச் சொல்வதில்லை. கட்டையை அடுக்குவதுபோல அடுக்கி வைத்துவிட்டு ஒவ்வொன்றாக எடுக்கிறது. அவர்களில் ஒருவன் சாகும் விதத்தைப் பார்த்து ஓரிருவர் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கடைசி அரைமணி நேரம், அதுவரை எதைக் கேலி செய்ததோ அந்த வகைப் படமாகவே மாறிப்போய்விட்டது என்ற குறையையும் திரையிடலுக்குப் பின் நடந்த பேச்சில் பலர் சொன்னார்கள். அதில் நியாயம் இருக்கிறது. எழுத்துகள் ஓடும் நேரத்தில் பிணவறை மேசையில் லெஸ்லி எழுந்து உட்காருவதைக் காட்டுவது, இரண்டாம் பாகத்துக்குத் துண்டு போட்டு இடம் பிடிக்கும் வேலை என்பது என் கருத்து. கொலைகாரனின் தற்பெருமையைப் பார்த்துச் சிரித்தால் படம் நிமிர்கிறது. கொலையுண்டவரைப் பார்த்துச் சிரித்தால் அந்த அளவுக்குக் கூனிப்போகிறது. இந்த அளவுகோலை வைத்து அந்த வாசகர் படத்தைக் கண்டித்திருந்தால் நான் அவர் பக்கம்தான் பேசியிருப்பேன்.

'மலிவான படம்' என்ற சொல்லையும் அவர் பயன்படுத்தியிருந்தார். பொருட்செலவில் மலிவு என்றால் ஒப்புக்கொள்கிறேன். இந்த வகைக் கதைகளுக்குப் பணம் குறைவாக இருப்பது பெரும்பாலும் நல்லதாகவே முடிந்திருக்கிறது. 1959இல் ரோஜர் கார்மன் 'எ பக்கெட் ஆஃப் பிளட்' என்ற படத்தை ஐந்தே நாளில், சுமார் ஐம்பதாயிரம் டாலரில் எடுத்து முடித்தார். கலைஞர்களும் கவிஞர்களும் கூடும் ஒரு காப்பிக் கடையில் மேசை துடைக்கும் வால்டர் என்பவனுக்குத் தானும் சிற்பி என்று பெயர் வாங்க வேண்டும். கைதவறி வீட்டுக்காரம்மாளின் பூனையைக் கொன்றுவிடுகிறான். அதைக் களிமண்ணால் பூசி மறைக்க, மேதாவிகள் அதை மகத்தான சிற்பம் என்று கொண்டாடுகிறார்கள். அடுத்த சிற்பத்துக்கு மனிதர்கள் தேவைப்படுகிறார்கள். அதிலும் கொலை செய்கிறவனைவிடக் கை தட்டுகிற கூட்டம்தான் அதிகம் கேலிக்குள்ளாகிறது. ஐந்து நாளில் எடுக்கும் படத்தில் ரத்தத்தை ஆறாக ஓடவிடக் காசு கிடையாது. அதனால் வசனத்தையும் மனித அற்பத்தனத்தையும் நம்ப வேண்டியதாகிறது. 1992இல் பெல்ஜியத்தில் சினிமா மாணவர்கள் சிலர் சேர்ந்து கறுப்பு வெள்ளையில் எடுத்த 'மேன் பைட்ஸ் டாக்' படத்தில், கொலைகாரனைப் பின்தொடரும் படப்பிடிப்புக் குழுவே மெல்ல மெல்ல அவன் கூட்டாளியாகிவிடுகிறது. அது இதைவிடக் கொடூரமான படம். அதை நாங்கள் திரையிடவில்லை, திரையிடவும் மாட்டோம். ஆனால் கையில் பணமில்லாதவர்கள் 'இது ஆவணப்படம்' என்று சொல்லிக்கொண்டே எவ்வளவு தூரம் போக முடியும் என்பதற்கு அது சாட்சி.

இனி, 'நம் மண்ணுக்கு ஒவ்வாதது' என்ற வாக்கியத்துக்கு வருகிறேன். இதை எழுதியவர் சேலத்துக்காரர் என்பதுதான் எனக்கு வியப்பு. ஏற்காட்டுக்குப் போகிற சாலையில் மாடர்ன் தியேட்டர்ஸ் என்ற பழைய படப்பிடிப்பு நிலையத்தின் நுழைவு வளைவு இன்றைக்கும் நிற்கிறது. அதைக் கடக்காமல் அவர் எத்தனை முறை மலையேறியிருக்க முடியும்? அந்த வளைவுக்குள்ளே டி.ஆர்.சுந்தரம் தொடங்கிய அந்த நிறுவனம் நூற்றுக்கும் மேற்பட்ட படங்களை எடுத்தது. 1950இல் அங்கிருந்து வெளிவந்த 'மந்திரி குமாரி'யில் எஸ்.ஏ.நடராஜன் நடித்த பார்த்திபன் யார்? ராஜகுருவின் மகன், பகலில் பெரிய இடத்துப் பிள்ளை, இரவில் கொள்ளைக்காரன். கொள்ளையடிப்பது ஒரு கலை என்று, பெற்ற தகப்பனிடமே நிமிர்ந்து நின்று வாதாடுகிறான். கலைஞரின் வசனம் அது. குற்றத்தைத் தொழிலாகவும் கலையாகவும் கருதி அதில் பேர் வாங்கத் துடிப்பவன் என்ற பாத்திரத்தை லெஸ்லிக்கு ஐம்பத்தாறு ஆண்டுகளுக்கு முன்பே சேலம் உலகத்துக்குக் காட்டிவிட்டது. அந்தப் படத்தை டி.ஆர்.சுந்தரத்தோடு சேர்ந்து இயக்கியவர் எல்லிஸ் ஆர்.டங்கன் என்ற அமெரிக்கர் என்பதையும் அந்நியப் பண்பாட்டுக் கவலை உள்ளவர்களுக்கு நினைவூட்டி வைக்கிறேன்.

அதே படத்தில்தான் பார்த்திபன் தன் மனைவி அமுதவல்லியைக் கொல்வதற்காக 'வாராய் நீ வாராய்' என்று பாடி மலையுச்சிக்கு அழைத்துப் போகிறான். திருச்சி லோகநாதனும் ஜிக்கியும் பாடிய அந்தப் பாட்டைக் காதல் பாட்டு என்று நினைத்து இன்றும் கல்யாண வீடுகளில் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். அது கொலைக்களத்துக்குப் போகும் பாட்டு. உச்சிக்குப் போனதும் அவன் எண்ணம் அவளுக்குத் தெரிந்துவிடுகிறது. சாகும் முன் கணவனை மூன்று முறை வலம் வர அனுமதி கேட்கிறாள். அவனுடைய ஆணவம் அதற்கு இடம் கொடுக்கிறது. சுற்றி வந்தவள் பின்னாலிருந்து தள்ளிவிடுகிறாள். இதுவும் புதிதல்ல. ஐம்பெருங்காப்பியங்களில் ஒன்றாகிய, நமக்கு முழுமையாகக் கிடைக்காமல் போன குண்டலகேசியின் கதை இது. பத்திரை என்ற வணிகர் மகளும் காளன் என்ற கள்வனும் ஏறிய அதே மலை. கொல்ல வந்தவனின் அகந்தையையே கயிறாகத் திரித்து அவனைக் கட்டிப்போடும் பெண்ணைத்தான் அமெரிக்கத் திகில் படங்கள் கடைசிவரை உயிரோடு வைத்திருக்கின்றன. டெய்லர் ஆப்பிள் தோட்டத்துக் கொட்டகையில் செய்ததை அமுதவல்லி மலையுச்சியில் செய்துவிட்டாள். பத்திரை அவளுக்கும் பல நூற்றாண்டுகள் மூத்தவள். திரையிடலுக்குப் பிறகு நான் இதைச் சொன்னபோது, மந்திரி குமாரியைப் பார்த்தேயிராத மாணவர்கள் அன்று இரவே அந்தப் பாட்டைத் தேடிக் கேட்டதாகச் சொன்னார்கள். ஓர் அமெரிக்கப் பேய்ப்படத்தால் குண்டலகேசிக்கு வாசகர் கிடைத்தால் தமிழுக்கு நட்டமா?

கொடியவனைக் கேலிக்கு ஆளாக்குவதும் நம் ஊர் வழக்கம்தான். சேலம், தருமபுரிப் பகுதிகளில் விடிய விடியக் கூத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: துரியோதனன் கிரீடமும் புஜக்கட்டையும் கட்டிக்கொண்டு தன் பெருமையை அடுக்கும்போது, பக்கத்தில் நிற்கும் கோமாளி ஒரே ஒரு கேள்வியில் அவனை இறக்கிவிடுவான். அதனால் துரியோதனன் நல்லவனாகிவிட்டான் என்று யாரும் வீட்டுக்குப் போனதில்லை.

சட்டத்தைப் பற்றி ஒரு சொல். வன்முறை போன்ற சமூக விரோதச் செயல்களைப் பெருமைப்படுத்தக் கூடாது, நியாயப்படுத்தக் கூடாது என்று மத்திய அரசின் 1991ஆம் ஆண்டுத் தணிக்கை வழிகாட்டு நெறிகள் சொல்வது உண்மை. அதே நெறிகள், ஒரு படத்தைத் துண்டு துண்டாகப் பிரித்துப் பார்க்காமல் முழுமையாக, அதன் ஒட்டுமொத்தத் தாக்கத்தை வைத்தே மதிப்பிட வேண்டும் என்றும் சொல்கின்றன. 'ஒரே ஒரு கிராமத்திலே' என்ற தமிழ்ப் படத்தின் சான்றிதழ் தொடர்பான வழக்கில் 1989இல் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், எளிதில் புண்படுகிறவரின் கண்கொண்டு பார்க்காமல் சராசரி அறிவும் நிதானமும் உள்ள மனிதரின் கண்கொண்டே படத்தைப் பார்க்க வேண்டும் என்ற அளவுகோலை வைத்தது. எங்கள் வட்டம் தணிக்கை வாரியம் அல்ல. ஆயினும் அமெரிக்காவில் இந்தப் படத்துக்குப் பெரியவர்கள் துணையின்றிச் சிறுவர்கள் பார்க்கக் கூடாது என்ற தரச்சான்று தரப்பட்டிருப்பதை அறிந்து, பதினெட்டு வயது நிறைந்த உறுப்பினர்களை மட்டுமே அனுமதித்தோம். அடையாள அட்டை கொண்டு வராத இரண்டு மாணவர்களை வாசலிலேயே திருப்பி அனுப்பியதில் எனக்கு இன்றைக்கும் சங்கடம்தான்.

படம் முடிந்த பிறகு இளைஞர்கள் எதைப் பேசினார்கள் என்றும் சொல்லிவிடுகிறேன். அவர்கள் மனம் கெட்டுப்போய்விட்டதா இல்லையா என்பதை வாசகர்களே முடிவு செய்துகொள்ளட்டும். கொலையைப் பற்றி யாரும் பேசவில்லை. இந்தக் கதையை ஏற்காட்டில் எடுத்தால் எவ்வளவு செலவாகும் என்பதுதான் பேச்சு. ஆப்பிள் தோட்டத்துக்குப் பதில் காப்பித் தோட்டம். மார்கழிப் பனி இருந்தால் புகை இயந்திரத்தின் வாடகை மிச்சம். பேய்ப்படம் என்றாலே எஸ்டேட் பங்களாவை வாடகைக்குப் பிடிப்பது சலித்துப்போன வேலை என்பதால் காப்பிக்கொட்டை காயவைக்கும் களத்தில் எடுக்கலாம் என்றான் ஒருவன். இருபது கொண்டை ஊசி வளைவுகளில் கொலைகாரன் எதிலே வருவான் என்ற கேள்விக்கு, மினி பஸ்ஸில் நின்றுகொண்டுதான், அதுவும் சில்லறை இல்லாமல் நடத்துநரிடம் திட்டு வாங்கிக்கொண்டே, என்று ஒரு மாணவி பதில் சொன்னாள். அந்த ஒரு வரிக்காகவே அவள் அந்தப் படத்தை எடுக்க வேண்டும் என்பது என் ஆசை. திட்டு வாங்கும் கொலைகாரனைப் பார்த்து அவனைப் போல ஆக வேண்டும் என்று எந்தப் பிள்ளையும் நினைக்காது.

அடுத்த மாதம் 'மந்திரி குமாரி'யையும் கார்மனின் படத்தையும் ஒரே மாலையில் அடுத்தடுத்துத் திரையிட எண்ணியிருக்கிறோம். கண்டித்து எழுதிய வாசகர் விரும்பினால், தங்கள் அலுவலகம் வழியாக எங்களைத் தொடர்புகொள்ளலாம். பார்த்துவிட்டு அவர் மீண்டும் கண்டித்து எழுதினாலும் அதைப் படிக்கக் காத்திருப்பேன்.

கடைசியாகத் தங்களுக்கே ஒரு வேண்டுகோள். அந்தக் கடிதம் வெளியான அதே இதழின் முதல் பக்கத்தில், வேறு மாநிலத்தில் பிடிபட்ட ஒரு கொலையாளியின் படம் நான்கு பத்தி அகலத்தில், தங்கள் நிருபர் சூட்டிய பட்டப்பெயரோடு வந்திருந்தது. அவன் எப்படித் திட்டமிட்டான், எந்த வண்டியில் வந்தான், பிடிபட்டபோது எப்படிச் சிரித்தான் என்பதெல்லாம் விரிவாக இருந்தது. கொல்லப்பட்ட பெண்கள் இருவரைப் பற்றி வயதும் ஊரும் மட்டுமே கடைசி வரியில் இருந்தன. லெஸ்லி கேட்டதெல்லாம் அந்த நான்கு பத்தி இடத்தைத்தான். தங்கள் செய்தி ஆசிரியரும் நிருபர்களும் அந்தப் படத்தைப் பார்க்க விரும்பினால், அவர்களுக்காக இன்னொரு முறை திரையிட எங்கள் வட்டம் தயாராக இருக்கிறது. அதுவரையிலும், பிடிபடுகிறவர்களுக்குப் பட்டப்பெயர் சூட்டும் வழக்கத்தையாவது நிறுத்திவைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
அஸ்தம்பட்டி, சேலம்